ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்ல ஹார்ட் ட்ரான்ஸ்பிளான்ட் ஆன குழந்தைய எப்படி பாத்துக்கறது?

ஜூன் 3, மாலை 6.15 (கேள்வி)

பையனுக்கு 4 வயசு. ட்ரான்ஸ்பிளான்ட் முடிஞ்சு 5 வாரம், வீட்டுக்கு வந்து 9 நாள் ஆகுது. மருந்து மட்டும் 11 வகை. டாக்டர் "நார்மலா இருங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நானும் அவரும் வேலைக்குப் போறவங்க. ஒருத்தர் வேலைய விட்டா தான் இது முடியும்னு சொந்தக்காரங்க எல்லாரும் சொல்றாங்க. உண்மையா? இதுல அனுபவம் உள்ளவங்க யாராவது சொல்லுங்க.

ஜூன் 3, இரவு 11.50

தங்கச்சி, படிச்சதும் எழுதாம தூங்க முடியல. எங்களுக்கு மூணு பிள்ளைங்க. மூத்தவளுக்கு 14, அவளுக்கு 5 வயசுல ட்ரான்ஸ்பிளான்ட். அடுத்தவன் பையன், 9 வயசு, அவனுக்கு 2 வயசுலயே ஆயிடுச்சு. கடைக்குட்டிக்கு 6, அவளுக்கு இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல, அவள பத்தி தனியா எழுதறேன். மனைவிக்கு ஷிப்ட் வேலை, மாசத்துல பத்து நாள் நைட். எனக்கு பகல் வேலை. ரெண்டு பேரும் வேலைய விடல. அதனால முடியும்.

எப்படின்னா, மருந்து நேரத்த யார் மண்டையிலயும் வைக்காதீங்க, வீட்டுச் சுவத்துல வையுங்க. நான் சொல்ல வர்றது இது ஒண்ணு தான். ஆரம்பத்துல எல்லாமே என் மனைவி தலையில இருந்தது, எது எத்தன மில்லி, எது சாப்பாட்டுக்கு முன்னாடி, எது தீரப் போகுது எல்லாம். அவளுக்கு ஒரு நாள் ஜுரம் வந்து படுத்தப்ப தான் எனக்கு ஒண்ணுமே தெரியலன்னு தெரிஞ்சுது. ரெண்டு பிள்ளைங்க மருந்தயும் முன்னாடி வச்சுக்கிட்டு நின்னேன் பாருங்க, வயித்துல புளியக் கரைச்ச மாதிரி இருந்தது.

எங்க வீட்ல காலை 8, ராத்திரி 8. ஆஸ்பத்திரில 6 மணிக்கு குடுத்துட்டு இருந்தாங்க, டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு 8க்கு மாத்திக்கிட்டோம், ஏன்னா ஸ்கூலுக்கு கெளம்பறதுக்குள்ளயும் தூங்கறதுக்குள்ளயும் எங்களுக்கு அது தான் ஒத்து வந்தது. நீங்களா மாத்தாதீங்க, ஆஸ்பத்திரி ட்ரான்ஸ்பிளான்ட் டீம் கிட்ட கேட்டு மாத்துங்க. புது இதயத்த உடம்பு எதிர்க்காம அடக்கி வைக்கற மருந்து டாக்ரோலிமஸ், அது 12 மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னா அது நெஜமாவே 12 மணி நேரம் தான். ரத்தத்துல அளவு கொறைஞ்சா உடம்பு அந்த இதயத்த வெளி ஆளா பாத்து அடிக்க ஆரம்பிக்கும், கூடினா கிட்னிய கெடுக்கும்.

வாந்தி எடுத்துட்டா உடனே திருப்பி அதே அளவு குடுத்துடுங்க, பயப்படாதீங்க. மூத்தவ இப்போ தன் மருந்த தானே பாத்துக்கறா, 12 வயசுல கையில குடுத்துட்டோம், பிரச்சினையே இல்ல. உங்க பையனும் அப்படி வந்துடுவான்.

ஜூன் 4, காலை 7.20

நேத்து வாந்தி பத்தி எழுதினது தப்பு. ராத்திரி தூக்கக் கலக்கத்துல எழுதிட்டேன், மனைவி இப்ப தான் படிச்சுட்டு சத்தம் போட்டா. குடுத்து எவ்வளவு நேரம் கழிச்சு வாந்தி எடுத்தான்றத பொறுத்து தான் திருப்பி குடுக்கறதா வேண்டாமான்னு முடிவு, அந்த நேரக் கணக்கு ஒவ்வொரு டீமும் ஒவ்வொரு மாதிரி சொல்லுவாங்க. உங்க டீம் என்ன சொல்றாங்கன்னு கேட்டு, எழுதி, மருந்து அலமாரி கதவுல ஒட்டி வச்சுக்கோங்க. டபுள் டோஸ் சின்ன விஷயம் இல்ல.

எங்களுக்கே ஒரு தடவ ஆயிருக்கு. காலையில நான் பையனுக்கு சிரிஞ்ச்ல குடுத்துட்டு குளிக்கப் போயிட்டேன். நைட் ஷிப்ட் முடிச்சு வந்தவ, மணி 8.10 ஆச்சே இன்னும் குடுக்கலயேன்னு பதறிப் போய் அவளும் குடுத்துட்டா. அவனும் வாயத் திறந்து வாங்கிக்கிட்டான், 3 வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும். சிங்க்ல ரெண்டு சிரிஞ்ச் கெடந்தத பாத்து தான் கண்டுபிடிச்சோம். ட்ரான்ஸ்பிளான்ட் டீம் கோஆர்டினேட்டருக்கு போன் பண்ணி, அவங்க சொன்னபடி ரத்தம் எடுத்து மருந்து லெவல் பாத்து, ஒண்ணும் ஆகல. ஆனா அன்னிக்கு தான் வெள்ளை போர்ட் வாங்கி மாட்டினோம். குடுத்தவங்க குடுத்த கையோட டிக் போட்டு பேர்ல முதல் எழுத்து போடணும். டிக் இல்லன்னா கூட மத்தவங்கள கேக்காம குடுக்கக் கூடாது, தூங்கிட்டு இருந்தாலும் எழுப்பிக் கேக்கணும்.

ஜூன் 9

வயித்து வலி பத்தி கேட்டிருந்தீங்க. இது தான் வீட்ட ரொம்ப அரிக்கற விஷயம், ஆபரேஷன் இல்ல, இதயத்துலேர்ந்து சின்னத் துணுக்கு எடுத்துப் பாக்கற பயாப்சி இல்ல. எல்லா பிள்ளைங்களும் வயித்த வலிக்குதுன்னு சொல்லும், பாதி ஸ்கூலுக்குப் போக மனசில்லாம. ஆனா நம்ம பிள்ளைங்களுக்கு, உடம்பு புது இதயத்த எதிர்க்கற ரிஜெக்‌ஷன் வந்தா நெஞ்ச பிடிச்சுக்கிட்டு உக்கார மாட்டாங்க. ஒண்ணுமே தெரியாமலும் இருக்கலாம், இல்ல சாப்பாடு வேண்டாம்பாங்க, வாந்தி, வயித்து வலி, சோர்வு, சின்னக் குழந்தையா இருந்தா காரணமே இல்லாம அழுகை. இதெல்லாம் சாதாரண பிள்ளைக்கும் வர்றது தானே, அங்க தான் கஷ்டம்.

பையனுக்கு ஒரே வருஷத்துல ஆறு தடவ ஓடினோம், ஆறும் ஒண்ணுமில்ல. ஏழாவது தடவ எனக்கே அலுப்பா இருந்தது, ஆபீஸ்ல அன்னிக்கு முக்கியமான வேலை வேற, சாயங்காலம் பாத்துக்கலாம்னேன். மனைவி கேக்கல, கூட்டிட்டுப் போனா. எக்கோ ஸ்கேன்ல இதயம் அமுக்கற பலம் கொறைஞ்சிருந்தது. மூணு நாள் ஸ்டீராய்டு ஊசி ஏத்தி சரி பண்ணாங்க. அந்த ஆறு தடவையும் வீணா ஓடினதா நான் நினைக்கல இப்போ.

இன்னொண்ணு, பேதி ஆச்சுன்னா மருந்து உடம்புல ஏறாதுன்னு நினைப்போம். டாக்ரோலிமஸ் நேர்மாறு, பேதில லெவல் ஏறிடும். அதனால ரெண்டு தடவைக்கு மேல போனா போன் பண்ணிடுங்க. ஜுரம்னாலும் அன்னிக்கே போன், மறுநாள் பாக்கலாம்ன்ற பேச்சே வேண்டாம்.

ஜூன் 10

மேல எழுதினதோட சேத்து இதையும். வேற டாக்டர் எழுதித் தர்ற எந்த மருந்தா இருந்தாலும் ட்ரான்ஸ்பிளான்ட் டீம் கிட்ட சொல்லாம குடுக்காதீங்க. மூத்தவளுக்கு 7 வயசுல இருமல், பக்கத்துல ஒரு கிளினிக்ல கிளாரித்ரோமைசின் எழுதிக் குடுத்தாங்க. ட்ரான்ஸ்பிளான்ட்னு சொன்னோம், அவங்க காதுல விழுந்துதா இல்லையா தெரியல. நாலாவது நாள் அவ கோடு போட்ட நோட்டுல எழுதினத பாத்தேன். கோட்டு மேல நேரா எழுதற பிள்ளை, ஒவ்வொரு எழுத்தும் நடுங்கி நடுங்கி ரம்பம் மாதிரி. அம்மா கைய பிடிச்சு ஆட்டறான்னு சொல்லி சிரிக்குது அது. லெவல் பாத்தா ரெண்டு மடங்குக்கு மேல. அந்த மாத்திரை கல்லீரல்ல டாக்ரோலிமஸ உடைக்கற என்சைம தடுத்துடும், அதனால மருந்து தேங்கிடும். பூஞ்சைக்கு குடுக்கற ஃப்ளூகோனசோலும் அப்படி தான். காச நோய்க்கு குடுக்கற ரிஃபாம்பிசின் நேர் எதிர், லெவல தரைமட்டமா எறக்கிடும். கிரேப்ஃப்ரூட்டும் பம்பளிமாஸும் வீட்டுக்குள்ளயே வேண்டாம், அதே என்சைம் தான். வலிக்கு இபுப்ரோஃபென் வேண்டாம், கிட்னி ஏற்கனவே டாக்ரோலிமஸால அடி வாங்கிட்டு இருக்கு. நாட்டு மருந்து, மூலிகைப் பொடி எதுவா இருந்தாலும் பாட்டி அன்பா குடுத்தாலும் கேட்டுட்டு தான்.

கடையில வேற கம்பெனி மருந்து மாத்தி குடுத்தாலும் வாங்காதீங்க, பேர் ஒண்ணா இருந்தாலும் உடம்புல ஏறற அளவு மாறலாம். மாத்தியே ஆகணும்னா டீமுக்கு சொல்லி லெவல் பாத்துக்கணும்.

ஜூன் 17

இன்னிக்கு கொஞ்சம் சந்தோஷமான விஷயம். பையன் ஸ்கூல்ல ஓட்டப் பந்தயம். மாத்து இதயத்துக்கு மூளையில இருந்து வர்ற நரம்பு எதுவும் இணைஞ்சிருக்காது, ஆபரேஷன்ல வெட்டினது வெட்டினது தான், சில பேருக்கு வருஷக்கணக்குல கொஞ்சம் திரும்ப வளரும். அதனால சும்மா இருக்கும்போதே துடிப்பு மத்தவங்கள விட வேகமா இருக்கும், ஓட ஆரம்பிச்சா உடனே ஏறாது, ரத்தத்துல அட்ரினலின் வந்து சேந்து தான் ஏறும், ஓடி நின்னப்பறமும் சீக்கிரம் எறங்காது. அதனால முன்னாடி பத்து நிமிஷம் மெதுவா நடந்து ஓடி சூடேத்திக்கணும், முடிச்சதும் டக்குன்னு உக்காரக் கூடாது.

பி.டி. சார் கிட்ட இதெல்லாம் நான் எழுதிக் குடுத்திருந்தேன். அவன் நண்பன் ஒருத்தன் "நீ ஏன்டா பந்தயத்துக்கு முன்னாடியே ஓடற"ன்னு கேட்டிருக்கான். இவன் சொன்ன பதில், "என் ஹார்ட்டுக்கு விசில் கேக்காதுடா, நான் போய் எழுப்பிட்டு வரணும்". எட்டு பேர்ல அஞ்சாவதா வந்தான். நானும் என் மனைவியும் கத்தின கத்துல முதல்ல வந்த பையனோட அப்பா அம்மா திரும்பிப் பாத்தாங்க.

ஜூன் 18

தடுப்பூசி கேட்டவங்களுக்கு சுருக்கமா. ட்ரான்ஸ்பிளான்ட் ஆன பிள்ளைக்கு உயிருள்ள கிருமி போட்ட தடுப்பூசி பொதுவா போட மாட்டாங்க, தட்டம்மை, சின்னம்மை, மூக்குல விடற ஃப்ளூ மருந்து, போலியோ சொட்டு. வீட்ல இருக்கற மத்த எல்லாரும் வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி போட்டுக்கணும். கூடப் பொறந்தவங்களுக்கு போலியோ சொட்டா ஊசியான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க, ஊசி தான் நல்லது. கிளாஸ்ல யாருக்காவது சின்னம்மைன்னா அன்னிக்கே போன், அதுக்கு குடுக்கற பாதுகாப்பு மருந்துக்கு நாள் கணக்கு உண்டு.

ஜூன் 24, இரவு

கடைக்குட்டி பத்தி எழுதறேன்னு சொல்லி மூணு வாரம் ஆச்சு, தள்ளித் தள்ளிப் போட்டேன்.

ரெண்டு பிள்ளைங்களுக்கும் வந்தது டைலேட்டட் கார்டியோமயோபதி, இதயத் தசை தளர்ந்து பலூன் மாதிரி வீங்கிப் போறது. மூத்தவளுக்கு வந்தப்ப வைரஸா இருக்கும்னாங்க. ரெண்டாவதுக்கும் வந்தப்பறம் தான் பரம்பரையா இருக்குமோன்னு ஜீன் டெஸ்ட் பண்ணாங்க. ரிசல்ட் வந்தப்ப கடைக்குட்டி அம்மா வயித்துல அஞ்சு மாசம். அந்த ஜீன் என்கிட்ட இருந்து வந்தது. என் இதயமும் எக்கோல கொஞ்சம் பெருசா தான் இருக்கு, மாத்திரை சாப்பிடறேன், படி ஏறினா கூட ஒண்ணும் தெரியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் போறதுக்கு பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்கு ஒண்ணும் பண்ணாத ஒண்ணு என் பிள்ளைங்கள இப்படிப் பண்ணிச்சேன்னு ரொம்ப நாள் யார் கிட்டயும் பேசல. மனைவி ஒரு வார்த்த சொன்னதில்ல. அது தான் இன்னும் கனமா இருந்தது.

கடைக்குட்டிக்கும் அந்த ஜீன் இருக்கு. இருந்தா நோய் வந்தே தீரும்னு இல்ல, வருஷத்துக்கு ஒரு தடவ எக்கோ பாத்துட்டே இருக்கணும். போன மாசம் போனோம். ஜெல் சில்லுன்னு இருக்குன்னு நெளிஞ்சுக்கிட்டே ஸ்கிரீன பாத்தா. நான் அந்த டெக்னீஷியன் முகத்தயே பாத்துட்டு இருந்தேன், புருவம் அசையுதா, ஒரே எடத்துல ரெண்டு தடவ அளக்கறாங்களா. நார்மல். வெளிய வரும்போது அவ கேட்டா, "அப்பா, எனக்கு எப்போ புது ஹார்ட்?"

பயந்து கேக்கல. அக்காவுக்கும் அண்ணனுக்கும் நெஞ்சுல கோடு இருக்கு, 8 மணிக்கு மருந்து இருக்கு, ஆஸ்பத்திரிக்கு அம்மா கூடவே போய் ராத்திரி தங்கறாங்க. அவளுக்கு ஒண்ணும் இல்ல. அவ கணக்குல அது வரிசை, தன் முறைக்கு நிக்கறா. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியாம அவள தூக்கிக்கிட்டேன், ஆறு வயசு, கனமா தான் இருந்தா.

அன்னிலேர்ந்து ராத்திரி 8 மணிக்கு போர்டுல டிக் போடறது அவ வேலை. ரெண்டு பேரும் முழுங்கினத கண்ணால பாத்துட்டு தான் போடணும். கண்கொத்திப் பாம்பு மாதிரி பாக்கறா, அண்ணன "ஆ காட்டு"ன்னு வாயத் திறக்கச் சொல்றா.

ஜூலை 5

மாத்து இதயம் எத்தன வருஷம் தாங்கும்னு தனியா கேட்டிருந்தீங்க. உங்க டாக்டர் நேரா சொல்லலன்னா கேளுங்க, தெரிஞ்சுக்கறது நல்லதுன்றது என் எண்ணம்.

1967 டிசம்பர் 3ல கேப்டவுன்ல கிறிஸ்டியான் பர்னார்ட் முதல்முதலா ஒரு மனுஷன் இதயத்த இன்னொருத்தருக்கு வச்சார். மூணே நாள்ல, டிசம்பர் 6, ப்ரூக்ளின்ல ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் ஒரு கைக்குழந்தைக்கு வச்சார், அந்தக் குழந்தை சில மணி நேரம் தான் இருந்தது. அப்பறம் பல வருஷம் கிட்டத்தட்ட நின்னு போச்சு, வெட்டி ஒட்டறது தெரிஞ்சிருந்தது, உடம்ப ஏத்துக்க வைக்கத் தெரியல. ஒரு பூஞ்சைலேர்ந்து எடுத்த, அந்த எதிர்ப்ப அடக்கற சைக்ளோஸ்போரின் மருந்து 1983ல அமெரிக்கால அனுமதி ஆனதும் தான் கதவு திறந்தது. 1985ல அமெரிக்கால லோமா லிண்டாங்கற ஊர்ல லெனார்ட் பெய்லி பச்சக் குழந்தைக்கு வச்ச இதயம் நெலச்சுது. நம்ம பிள்ளைங்க சாப்பிடற டாக்ரோலிமஸ் ஜப்பான்ல சுகுபாங்கற ஊர் மண்ணுல இருந்த ஒரு கிருமி தர்றது, 1984ல கண்டுபிடிச்சது. அந்த மண்ண எடுத்தவங்கள நான் தினம் ரெண்டு தடவ நினைச்சுக்கறேன்.

கணக்குன்னு பாத்தா, பச்சக் குழந்தையா இருக்கும்போது ட்ரான்ஸ்பிளான்ட் ஆனவங்கள்ல பாதிக்கு மேல 20 வருஷம் தாண்டி இருக்காங்க. டீன் ஏஜ்ல ஆனவங்களுக்கு அத விடக் கொறைவு. காலப்போக்குல இதயத்தோட ரத்தக் குழாய் உள்பக்கம் தடிச்சுப் போகும், நரம்பு இல்லாததால வலி தெரியாம நடக்கும், அதனால தான் இடைவெளி விட்டு ஆஞ்சியோ பாக்கறாங்க. சில பேருக்கு ரெண்டாவது ட்ரான்ஸ்பிளான்ட் தேவைப்படும். இது இன்னிக்கு வரைக்கும் உள்ள கணக்கு, இவங்கள்ல பல பேர் பழைய மருந்துல ஆரம்பிச்சவங்க. மாத்து இதயம் பிள்ளையோட சேந்து வளரும்ன்றதும் பல பேருக்குத் தெரியாது. மூத்தவளுக்கு 5 வயசுல வச்ச அதே இதயம் தான், இப்போ அவ அம்மா ஒசரம்.

ட்ரான்ஸ்பிளான்ட் நாள நாங்க கொண்டாடறதில்ல. அதே நாள்ல இன்னொரு வீட்ல ஒரு பிள்ளை போயிடுச்சு. கோஆர்டினேட்டர் வழியா பேர் ஊர் இல்லாம வருஷத்துக்கு ஒரு கடிதம் அனுப்பறோம். பதில் வந்ததில்ல. வரணும்னு இல்ல.

ஜூலை 19, அதிகாலை 3.30

ஜூன் 3ல "மூத்தவ தானே பாத்துக்கறா, பிரச்சினையே இல்ல"ன்னு எழுதினேன். அத நம்பாதீங்க. ஆஸ்பத்திரில உக்காந்து எழுதறேன்.

போன வாரம் வழக்கமான ரத்த டெஸ்ட்ல லெவல் 2.1. எப்பவும் 6லேர்ந்து 8க்குள்ள இருக்கறவ. மெஷின் தப்பா இருக்கும்னு திரும்ப எடுத்தாங்க, 1.8. பயாப்சில 2ஆர், அதாவது நடுத்தர அளவு ரிஜெக்‌ஷன். இன்னிக்கு ரெண்டாவது நாள் ஸ்டீராய்டு ஏறுது. இதயம் அமுக்கற பலம் கொறையல, பயப்பட வேண்டாம்ன்றாங்க.

கடைக்குட்டி டிக் போட்டது பொய் இல்ல, ராத்திரி எல்லாரும் சேந்து போடறத ஒழுங்கா போட்டிருக்கா. காலை டோஸ் தான். நான் பையனுக்கு எடுத்துக் குடுக்கற அவசரத்துல இவ டப்பாவ எடுத்துட்டு ரூமுக்குப் போவா, போர்டுல அவளே டிக் போட்டுப்பா. ஸ்கூல் பேக் அடியில பென்சில் பாக்ஸ்ல 19 காப்ஸ்யூல் இருந்தது. தூக்கிப் போட மனசு வரல போல, சேத்து வச்சிருக்கா.

ஏன்னு கேட்டேன். ரொம்ப நேரம் பேசல. அப்பறம் சொன்னா, "காலையில மட்டும் மறந்த மாதிரி இருக்கணும்னு ஆசப்பட்டேன்ப்பா. ஸ்கூல்ல நான் யாருன்னே தெரியாத மாதிரி." மாத்திரை சாப்பிடலன்னா ஒண்ணும் தெரியலயாம், நல்லா தான் இருந்தாளாம், அதனால அடுத்த நாளும்.

எனக்குக் கோபம் வந்தது, அப்பறம் அழுகை வந்தது, அவ முன்னாடியே அழுதேன்.

ஜூலை 22

வீட்டுக்கு வந்துட்டோம். இன்னும் நாலு நாள்ல திரும்ப பயாப்சி.

டாக்டர் சொன்னாங்க, இந்த வயசுல இது ரொம்ப பேர் பண்றது, டீன் ஏஜ்ல இதயம் இழக்கறதுக்கு மருந்து விடறது ஒரு பெரிய காரணம்னு. எனக்கு அது முன்னாடியே தெரியும். படிச்சிருக்கேன். என் பிள்ளை அப்படி இல்லன்னு நினைச்சேன். 12 வயசுல கையில குடுத்தது தப்பில்லன்னு இப்பவும் நினைக்கறேன், குடுத்துட்டு நான் திரும்பிக்கிட்டது தான் தப்பு. வேலை, ஷிப்ட், ரெண்டாவது பிள்ளை, மூணாவது பிள்ளை, இவ பெரியவ சமாளிச்சுப்பான்னு ஒரு பாரத்த எறக்கி வச்ச மாதிரி எனக்கு நிம்மதியா இருந்தது. அந்த நிம்மதிக்காக தான் குடுத்திருக்கேன்.

இப்ப காலையிலயும் எல்லாரும் ஒரே மேஜை. அவ மருந்த அவ தான் எடுக்கறா, எண்ணறா, ஸ்டாக் பாக்கறா. முழுங்கும்போது யாராவது ஒருத்தர் எதிர்ல இருக்கணும், அவ்வளவு தான். நானும் என் மாத்திரைய அதே நேரத்துல எடுத்துக்கறேன், முன்னாடி காலையில எப்பவோ போட்டுப்பேன். மூணு பேர் சேந்து முழுங்கறோம், கடைக்குட்டி ஒரு டம்ளர் தண்ணி குடிக்கறா, தானும் சேரணுமாம்.

ஆகஸ்ட் 2

தங்கச்சி, உங்க முதல் கேள்விக்குத் திரும்ப வர்றேன். வேலைய விட வேண்டாம், முடியும்னு பட்டுன்னு சொல்லிட்டேன். நேத்து பழைய டைரிய எடுத்துப் பாத்தேன். மூத்தவளுக்கு ஆனப்ப முதல் மூணு மாசம் பயாப்சி, லெவல், எக்கோன்னு வாரத்துக்கு ரெண்டு தடவ, சில வாரம் மூணு தடவ ஆஸ்பத்திரி. மனைவி அஞ்சு மாசம் சம்பளம் இல்லாத லீவ்ல இருந்திருக்கா. நான் அத சுத்தமா மறந்துட்டு "ரெண்டு பேரும் விடல"ன்னு எழுதியிருக்கேன். அவ படிச்சிருக்கா, வாந்திக்கு சத்தம் போட்டவ இதுக்கு ஒண்ணும் சொல்லல.

அதனால இப்படி சொல்றேன்: முதல் ஆறு மாசம் ஒருத்தர் முழு நேரமா வேணும், அப்பறம் போகலாம். அந்த ஒருத்தர் நீங்க தான்னு முடிவு பண்ணிடாதீங்க, ரெண்டு பேரும் பிரிச்சு எடுங்க, ரெண்டு பேருக்கும் எல்லா மருந்தும் தெரியணும். எங்க வீட்ல அது நடக்க ரெண்டாவது பிள்ளைக்கு ஆகற வரைக்கும் ஆச்சு.

ஆகஸ்ட் 9, இரவு

நாளைக்கு லெவல் டெஸ்ட். காலை டோஸுக்கு முன்னாடி ரத்தம் எடுக்கணும், மறந்து முழுங்கிட்டா அந்த நம்பர் உபயோகமில்ல. போர்டுல காலை கட்டத்துல மூத்தவ சிவப்புல பெருசா "நில்" எழுதி வச்சிருக்கா. மாத்திரைய சின்ன டப்பாவுல போட்டு பேக்ல வச்சாச்சு, ஊசி எடுத்த உடனே அங்கயே சாப்பிடணும்.

ஆகஸ்ட் 10, மாலை 5.40

7.2. அவளே போன்ல பாத்துட்டு கத்திக்கிட்டே மாடியில இருந்து எறங்கி வந்தா. 8 மணிக்கு இன்னும் நேரம் இருக்கு, மூணு பேரும் வெளிய சைக்கிள் எடுத்துட்டுப் போயிருக்காங்க.